ஏழு பேர் தங்கைக்கு ஒரு பெயர்

காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் முதல் மாடிக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்களில் ஒரு வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்தவள் உலகம்மாள். சொட்டு மருந்து விட்ட சிஸ்டர் சின்னப் பெண். "திறக்கக் கூடாதும்மா, கண்ணுப் பாப்பா நல்லா விரியணும், பத்து நிமிஷத்துல திரும்ப வருவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நெற்றியைத் தொட்டுத் தலையை அண்ணாத்தப் போய்விட்டாள். மருந்து கண்ணில் எரிந்து, மூக்குக்குள் இறங்கி, தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வருகிறது என்று உலகம்மாள் யோசித்தாள். முப்பத்தோரு வருஷம் தினசரிப் பத்திரிகையில் செய்தி திருத்தியவளுக்கு எதையும் அப்படிக் கேட்டுப் பழக்கம், பதில் தேடிப் போகத்தான் பழக்கமில்லை. அதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அச்சுப்படிகள் இருந்தன. பத்துப் பழங்கதைகளை அவள் திருப்பி எழுதியிருந்தாள். 'பெண்ணின் பக்கம் நின்று சொன்ன கதைகள்' என்று பின்னட்டையில் போடப்போவதாக ஷகிலா சொன்னபோது உலகம்மாளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நாகர்கோவிலில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறவள் ஷகிலா. "எக்கா, நாளைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போவுது, மத்தியானத்துக்குள்ள பாத்துச் சொல்லிருங்கோ" என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள். ஒன்பது கதை பார்த்தாயிற்று. பத்தாவதை இங்கே காத்திருக்கிற நேரத்தில் முடித்துவிடலாம் என்று எடுத்து வந்தாள். பஸ் ஸ்டாண்டு, பேங்க், தாலுகா ஆபீஸ், எங்கே காத்திருந்தாலும் கையில் ஒரு அச்சுப்படி இருக்கும், அப்படியே ஓடிய வாழ்க்கை. இங்கே முதலில் கண்ணில் மருந்து விடுவார்கள், அப்புறம் எழுத்தெல்லாம் கரைந்து போகும் என்பது மட்டும் தோன்றவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் படிப்பதற்குக் காகிதம் கொண்டுவந்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று சிரிப்பு வந்தது. "என்னட்டி தனியாச் சிரிக்க?" என்றாள் பக்கத்தில் இருந்த பேச்சித்தாய்.

பேச்சித்தாய் அவள் அண்ணன் மனைவி. கூட ஒரு ஆள் வராமல் பார்க்கமாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் உலகம்மாளுக்குத் தோன்றிய ஒரே பெயர் மதினிதான். முதல் பஸ்ஸில் சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பி, ஒரு தூக்குவாளியில் இட்லியும் எள்ளுப்பொடியுமாக வந்து இறங்கியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா இந்த முழி முழிக்க? குடு, நான் வாசிக்கேன். தப்பிருந்தா நீ சொல்லு, நான் சுழிச்சு வைக்கேன். ஒம்பதாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவதான நானும்" என்று உறையைப் பிடுங்கிக்கொண்டாள். உலகம்மாள் சந்தோஷமாகத்தான் கொடுத்தாள். இந்தக் கதை மதினிக்குத் தெரிந்த கதை, மதினியின் வாயில் கேட்டதுதான் என்பதால் கூடுதல் சந்தோஷம். ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. மச்சில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். ஆற்றோடு போகும் ஓடக்காரன் ஒருவன் ஜன்னல் வழியே அவளுக்கு ஒரு வெற்றிலைச் சுருள் தருகிறான். வாய் சிவந்துவிடுகிறது. ஏழு பேரும் ஆற்றங்கரையில் குழி வெட்டி அவளை நிற்க வைத்து மூடிவிடுகிறார்கள். அப்புறம் வீட்டில் விளக்கு நிற்கவில்லை, பால் திரிகிறது, ஏழு பேரும் கரைக்குப் போய் விழுந்து அழுகிறார்கள், அன்றிலிருந்து அவள் அந்தக் குடும்பத்துக் கன்னித் தெய்வம். உலகம்மாளின் அண்ணன் வீட்டில் உத்தரத்தில் அந்தக் கன்னிக்கென்று ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். வருஷத்துக்கு ஒரு தரம், ஆடி கடைசி வெள்ளியில் அதை இறக்கி, உள்ளே இருக்கிற பட்டுப்பாவாடையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்து, வளையல், சீப்பு, கண்ணாடி, சாந்துச் சிமிழ் எல்லாம் துடைத்து வைத்து, பேச்சித்தாய் அதன் முன் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்வாள். சுற்றி இருக்கிற பெண்கள் 'உம்' கொட்டுவார்கள். 'ஒரு ஊரில் ஏழு அண்ணன்மார்' என்று மதினி இப்போது வாசிக்க ஆரம்பித்தபோது அது வாசிக்கிற குரலாக இல்லை, சொல்கிற குரலாகவே வந்தது. இரண்டு வரி தாண்டவில்லை, எதிர் வரிசையில் இருந்து ஒரு ஆண் குரல், "ஏத்தா, கொஞ்சம் சத்தமா வாசி, சும்மாதான கண்ண மூடி உக்காந்துருக்கோம்" என்றது. உசிலம்பட்டிப் பக்கத்துக் குரல். "கேட்டா உம் கொட்டணும், தூங்கப்பிடாது" என்றாள் பேச்சித்தாய். "தூங்குறதா? எரியிற எரிச்சலுக்கு எவன் தூங்குவான்? நீ சொல்லுத்தா." அவள் சொன்னாள். அவர் உம் கொட்டினார்.

அந்த 'உம்'மில்தான் உலகம்மாளுக்கு நினைவு வந்தது. உம் கொட்டிக் கேட்கிற கதையில் ஆளுக்குப் பெயர் கிடையாது. ஏழு பேரும் மூத்தவன், இளையவன். அவள் வெறும் தங்கை. தன் கதையில் அவளுக்குப் பெயர் இருக்கிறது. அதற்காகவே உலகம்மாள் இந்தக் கதையைத் திருப்பி எழுதினாள். குழியை வெட்டிவிட்டு அண்ணன்மார் கைகால் கழுவ ஆற்றுக்குள் இறங்கும்போது, அவள் கரையோடு நடந்து போய் ஓடத்தில் ஏறுகிறாள். 'உன் பேர் என்ன?' என்று ஓடக்காரன் கேட்கிறான். இத்தனை வருஷக் கதையில் யாரும் அவளைக் கேட்காத கேள்வி. அவள் சொல்கிறாள். நான்காம் பக்கத்தின் அடியில், கடைசிக்கு முந்தின வரி. ஆவுடைச்செல்வி. உலகம்மாளின் கை நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டது. எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. எழுதிய அன்று அந்தப் பெயரைப் போட்டுவிட்டு அழுதது நினைவிருக்கிறது. அப்புறம் ஆறேழு தரம் படித்ததில் அது பெயராக இல்லாமல் எழுத்தாகிவிட்டது. 'டை' சரி, ஒற்று சரி, அடுத்த வரி. பிழை பார்க்கிறவர்களுக்கு வரும் வியாதி அது. ஒரு தரம் இப்படித்தான், சொந்தச் சித்தப்பாவின் மரண அறிவிப்பைத் திருத்தி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள். ஆவுடைச்செல்வி பேச்சித்தாயின் மகள். பத்தாம் வகுப்பு முடித்த வருஷம், 2008இல், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த ஆடியில் இருந்து ஓலைப்பெட்டியில் வைக்கிற பாவாடை அவளுடைய அளவு. கல்யாணமாகாமல் போன பிள்ளை மூத்த கன்னியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. கன்னியானவளைப் பெயர் சொல்லக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்னப்பிள்ளையாகத் திரும்பிப் பார்த்துவிடுமாம், தெய்வமாக உட்கார்ந்த இடம் போய்விடுமாம். பதினோரு வருஷமாக மதினி அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்கப் போனபோதுகூட, பழைய கார்டை நீட்டி, விரலை வைத்து, "இது" என்றாளாம். இப்போது அவளே நாலு பக்கம் வாசித்து, ஒரு கூடம் ஜனம் கேட்க, அந்தப் பெயரில் போய் முட்டப்போகிறாள். அதுவும் சாகாமல் தப்பித்துப் போனவளின் பெயராக.

"மதினி, போதும். தொண்டை வறளும். மிச்சத்த நான் சாயங்காலம் பாத்துக்கிடுதேன்." "சாயங்காலம் அச்சுக்குப் போவுதுன்ன?" "ஷகிலாட்டச் சொல்லிக்கிடலாம்." "சும்மா இரிட்டி, இப்பதான் வெத்தல குடுக்கான்." பேச்சித்தாய் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. இரண்டாம் பக்கம். வாயை எழுந்து பொத்தவா முடியும்? அந்தச் சின்ன சிஸ்டர் வந்தால் கொஞ்சம் தடைபடும் என்று காத்திருந்தாள்; வந்தாள், அண்ணாத்தினாள், விட்டாள், "கதை நல்லாருக்கும்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். எரிச்சலில் கண்ணோரம் வழிந்ததை பேச்சித்தாய் முந்தானையால் ஒற்றி எடுத்தாள், வாசிப்பதை நிறுத்தாமலே. அந்தத் துணியில் எள்ளுப்பொடி வாசம். ஆவுடையின் பள்ளிக்கூடப் பையிலும் இதே வாசம் இருக்கும். எண்ணெய் கசிந்து கணக்குப் புத்தகத்தின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். "அத்த, நான் பதினொண்ணு மதுரைல வந்து ஒங்க வீட்ல இருந்து படிக்கட்டா? அம்மைட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா அடிப்பா." உலகம்மாள் சொன்னாள். மதினியும் சரி என்றுதான் சொன்னாள். திட்டிக்கொண்டே ஒரு டிரங்குப்பெட்டிக்குக்கூட விலை கேட்டு வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் காய்ச்சல் வந்துவிட்டது. தப்பு யார் மேலும் இல்லை. அதனாலேயே அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை, போகவில்லை. கதையிலாவது ஓடம் ஏறட்டும் என்று பெயரைக் கொடுத்தேன். இதில் என்ன தப்பு என்று தன்னையே கேட்டாள். தப்பு என்று மனசின் வேறொரு பக்கத்தில் இருந்து பதில் வந்தது. எதை எடுத்து எதைக் கொடுத்தாய்? மூத்த கன்னி சாகவில்லை என்றால், அவள் தப்பித்து ஓடிவிட்டாள் என்றால், உத்தரத்துப் பெட்டியில் உன் அண்ணன் மகள் தனியாக அல்லவா இருக்கிறாள்? "அண்ணங்காரனுக பாசத்துலதான செஞ்சானுக, கொஞ்சம் மூளையில்லாத பாசம்" என்றார் உசிலம்பட்டிக்காரர். கூடத்தின் மூலையில் இருந்து ஒரு பெண் குரல் பாய்ந்தது: "ஒரு வெத்தலைக்கு ஆறடிக் குழியா? ஒங்களுக்குக் கட்டுப்படியாகும்யா அந்தப் பாசம். ஒங்க வாயி செவந்துருக்கே, ஒங்கள எந்தக் குழியில நிறுத்துறது?" "கண்ணத்தான் மூடியிருக்கச் சொன்னாக, இவ எப்படி என் வாயப் பாத்தா?" என்றார் அவர். கூடமே சிரித்தது. பேச்சித்தாயும் சிரித்தாள். சிரித்தபடியே மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள்.

குழி வெட்டுகிற இடத்தில் மதினியின் குரல் தாழ்ந்தது. அந்த இடத்தில் அது எப்போதும் தாழும். ஆடி வெள்ளியில் அங்கே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். 'மண் ஈரமாக இருந்தது. ஏழு பேருக்கும் கை சேறாகிவிட்டது. கழுவ இறங்கினார்கள்' என்று வாசித்துவிட்டு பேச்சித்தாய் நின்றாள். "இது நம்ம கதையில இல்லியே" என்றாள். "இது நான் எழுதுனது மதினி." "சரி." மறுபடி வாசித்தாள். இப்போது அது சொல்கிற குரல் இல்லை. முன்பின் தெரியாத தெருவில் வீட்டு எண் பார்த்துக்கொண்டே நடக்கிறவளின் குரல். 'அவள் அவர்களுடைய முதுகைப் பார்த்தாள். ஏழு முதுகு. பிறகு நடந்தாள்.' உம், என்றார் அவர். 'ஓடக்காரன் துடுப்பை நீட்டினான். பிடித்து ஏறினாள்.' உம். 'உன் பேர் என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள், என் பேர்.' அதோடு நின்றது. உலகம்மாள் மூடிய கண்ணை இன்னும் இறுக்கினாள். இமைக்குள் சிவப்பாக, பழுப்பாக என்னென்னவோ நகர்ந்தது. மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. "பேரென்னத்தா?" என்றார் அவர். "கோந்து கீந்து ஒட்டிக்கிச்சா? பேரச் சொல்லு." "நீரு கொஞ்சம் சும்மா இரும்" என்றாள் பேச்சித்தாய்.   கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன? திறந்தாலும் மதினியின் முகம் தெரியாது, வெளிச்சத்தில் ஊறின ஒரு மஞ்சள் திட்டுதான் தெரியும். கையை நீட்டி மதினியின் முழங்கையைத் தொட்டாள். அது நகரவில்லை, விலகவும் இல்லை. ரொம்ப மெதுவாக, கூடத்துக்குக் கேட்காத குரலில், "யாரக் கேட்டு எழுதுன?" என்றாள் பேச்சித்தாய்.

யாரைக் கேட்டும் இல்லை. எட்டரை மணிக்கு வந்த செய்தியை யாரைக் கேட்டு முதல் பக்கத்தில் போட்டாள்? கேட்டுப் பழக்கமில்லை. 'பேரை மாற்றிப் போடுங்கம்மா' என்று கெஞ்சிக்கொண்டு ஆபீசுக்கு வந்த அப்பன்மார் நினைவுக்கு வந்தார்கள். கிணற்றில் கிடந்த பெண், ரயில் பாதையில் கிடந்த பெண், வயல் வரப்பில் எரிந்து கிடந்த பெண். ஒற்றைப் பத்தி, எட்டு வரி, 'போலீசார் விசாரித்து வருகிறார்கள்'. முப்பத்தோரு வருஷத்தில் அப்படி எத்தனை எட்டு வரிகளைத் திருத்தியிருப்பாள்! அண்ணன் கை, அப்பன் கை, சித்தப்பன் கை. ஓடம் ஏறி அக்கரை போனவளைப் பற்றி ஒரு செய்தியும் வந்ததில்லை. போனவர்கள் இருந்திருப்பார்கள், நிறையவே இருந்திருப்பார்கள், நல்லபடியாக இருக்கிறவளைப் பற்றி யார் எழுதி அனுப்புவார்கள்? அதனால்தான் கதையை ஆற்றின் நடுவிலேயே விட்டாள். அக்கரை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. 'ஓடம் நடு ஆற்றுக்கு வந்துவிட்டது' என்பதுதான் கடைசி வரி. அந்த வரி நன்றாக வந்திருக்கிறது என்று ஷகிலா போனில் சொன்னாள், உலகம்மாளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்போது அந்தக் கர்வம் வாயில் மருந்து மாதிரிக் கசந்தது. "மதினி, பேர எடுத்துருதேன். வேற பேரு போட்டுக்கலாம். ஷகிலாட்ட ஒரு போன் பண்ணினாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை." பேச்சித்தாய் மூக்கை உறிஞ்சினாள். "எடுப்பியாம்ல" என்றாள். "ஏத்தினது நீதான? ஏறி உக்காந்த பிள்ளையப் பாதி ஆத்துல கையப் பிடிச்சு எறக்கி விடப் போறியாக்கும்?" அந்த வரியின் மேல் மதினியின் நகம் உரசுவது உலகம்மாளுக்குக் கேட்டது. "பேருல பிழை ஒண்ணும் இல்ல. அச்சுக்காரன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள் பேச்சித்தாய். காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பொறவு என்ன?" என்றாள். "அவ்வளவுதான். நடு ஆத்தோட முடிஞ்சிருது." "அது எப்படி முடியும்? அக்கரைல எறங்குனாளா இல்லையா?" "அது படிக்கிறவுங்க நெனைச்சுக்கிட வேண்டியது மதினி." "படிக்கிறவுங்க என்னத்தையும் நெனச்சுக்கிடட்டும். பெத்தவ ஒருத்தி இருப்பாள்லா வீட்டுல? ஏழு ஆம்பளப்பிள்ளையும் இவளையும் பெத்தவ. அவளுக்கு யாரு சொல்லுவா?" உலகம்மாள் தன் கதையை முதலில் இருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மச்சு, ஜன்னல், வெற்றிலை, மண்வெட்டி, ஏழு முதுகு. அம்மா எங்கும் இல்லை. பழைய கதையிலும் இல்லை, புதுக் கதையிலும் இல்லை.

"பேனா வச்சிருக்கியா?" என்றாள் பேச்சித்தாய். "பையில இருக்கும். எதுக்கு?" "நான் எழுதுதேன், உனக்குத்தான் கண்ணு தெரியலையே." "கதைக்குச் சரியா வருமான்னு பாக்கணும் மதினி." "நீ பொறவு கண்ணு தெளிஞ்சதும் பாரு." பையைக் குடைகிற சத்தம், மூடி கழற்றுகிற சத்தம், அப்புறம் காகிதத்தில் பேனா மெதுவாக ஊர்கிற சத்தம். எழுதிக்கொண்டே அவள் முணுமுணுத்தாள்: "அக்கரையில இறங்கினாள். ஊருக்குப் போற ஆள் ஒருத்தர்ட்ட, எங்க அம்மையப் பாத்தா நான் சாப்பிட்டேன்னு சொல்லிருங்கன்னு சொல்லிவிட்டாள்." எழுதி முடித்து ஊதினாள். உலகம்மாளுக்குள் இருந்த பழைய பத்திரிகை உதவி ஆசிரியை, 'சொல்லிருங்க'வும் 'சொல்லிவிட்டா'ளும் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்றை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எடுக்கமாட்டேன் என்றும் அப்போதே நினைத்தாள். கண்ணோரம் வழிந்தது. மருந்து விட்டுக் கொஞ்ச நேரமாகிவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "பேரத்தான் சொல்லல, மிச்சத்தையாவது சொல்லுத்தா, பிள்ள கரையேறிச்சா?" என்று எதிர் வரிசைக்காரர் பொறுமை இழந்து கேட்டார். "ஏறிட்டா" என்றாள் பேச்சித்தாய். "அண்ணங்காரனுக?" "அவனுக இன்னும் கை கழுவிக்கிட்டு இருக்கானுக." மூலையில் இருந்த பெண் பலமாகச் சிரித்தாள். சிஸ்டர் வாசலில் நின்று உலகம்மாளின் பெயரைக் கூப்பிட்டாள். பேச்சித்தாய் காகிதங்களை உறையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாத்தனாரின் கையைப் பிடித்து எழுப்பி, "பாத்து, இங்க ஒரு படி இருக்கு" என்று நடத்திப் போனாள்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16, ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, பேச்சித்தாய் ஓலைப்பெட்டியின் முன் உட்கார்ந்து கதையைப் பழையபடியே குழி வரைக்கும், விளக்கு வரைக்கும் சொல்லி முடித்தாள். பிறகு கொழுக்கட்டைத் தட்டை நீட்டிக்கொண்டே, இதை இன்னொரு விதமாகவும் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்து, ஓடக்காரனிடம் அந்தப் பிள்ளை சொன்ன பெயரை, வந்திருந்த பெண்கள் எல்லோரும் கேட்கச் சொன்னாள்.